வாசலுக்கும் சாலைக்கும் நடுவே: சிங்கப்பூரில் கட்டடக்கலை மாணவர் எங்கிருந்து தொடங்குவது?

கட்டடக்கலைக் கல்வியில் வீடு ஒரு பாடம், பொதுவெளி இன்னொரு பாடம். மாணவர் முதலில் ஒரு சிறு வீட்டை வரைந்து பழகுகிறார். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் நூலகம், சந்தை, சமூக மன்றம் என்று பெரிய வேலைகள் அவர் மேசைக்கு வருகின்றன. எளியதிலிருந்து கடினத்துக்குப் போவது நல்ல வழிமுறைதான். ஆனால் இந்த வரிசை ஓர் எண்ணத்தையும் கூடவே விதைத்துவிடுகிறது. வீடு என்பது நான்கு சுவர்களுக்குள் முடிந்துபோகும் தனிமனித விவகாரம், பொதுவெளி என்பது அரசோ பெருநிறுவனமோ பிறகு வந்து கட்டித்தரும் வேறொரு பொருள் என்று மாணவர் நம்பத் தொடங்குகிறார். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டரில் 6 மில்லியன் பேர் வாழும் சிங்கப்பூரில் இந்த நம்பிக்கை தவறான வரைபடங்களையே தரும். இங்கே வீடும் பொதுவெளியும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான், அதாவது கதவைத் திறந்து வெளியே வைக்கும் முதல் பத்தடியில்தான், நகர வாழ்க்கையின் பெரும்பகுதி நடந்திருக்கிறது. அங்கே வெயிலும் மழையும் படாமல் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கலாம், உட்காரலாம், யாரும் விரட்டாமல் இருக்கலாம் என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கும் மாணவரே வீட்டையும் சரியாக வரைவார், பொதுவெளியையும் சரியாக வரைவார் என்பது என் வாதம். நகரத்தின் இருநூறு ஆண்டு வரலாறு இதற்குச் சான்று தருகிறது. லிட்டில் இந்தியாவின் வரலாறு அதிகமாகவே தருகிறது.

1822 நவம்பரில் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்குத் தந்த அறிவுறுத்தல்களில் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும் என்பது. அது தெருவின் இருபுறமும் இடைவிடாமல் தொடரும் கூரையிட்ட பாதையாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். ஐந்தடிப் பாதை பிறந்த கதை இதுதான். நம்மவர் பேச்சில் அது அஞ்சடி. கடைவீட்டின் மேல்மாடி இந்தப் பாதைக்கு மேலே நீண்டு நிற்கும், தூண்கள் தெருவோரம் இறங்கும், நடப்பவர் நிழலிலேயே நடப்பார். நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கில், உச்சிவெயில் தலைக்கு நேராக இறங்கும் ஊரில், ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், இதைவிடப் பொருத்தமான ஒரு கட்டட விதியைக் கற்பனை செய்வது கடினம். மாணவர் கவனிக்க வேண்டியது அதன் சட்டத்தன்மையையும்தான். தமிழ்நாட்டுத் திண்ணை வீட்டுக்காரருடையது. வழிப்போக்கர் அதில் உட்கார்ந்தது ஊர்ப் பழக்கத்தின் பெயரால், சாதி வகுத்த எல்லைகளுக்கு உட்பட்டு. ஐந்தடிப் பாதையோ தனியார் மனையில் கட்டப்பட்டது, ஆனால் நடப்பவரின் உரிமையைச் சட்டமே எழுதிவைத்தது. ஒருவர் கட்டிய கூரையின் கீழ் எல்லோருக்கும் வழி. வீட்டின் குறுக்குவெட்டு வரைபடத்துக்குள்ளேயே பொதுவெளி அடங்கியிருந்தது.

அந்த உரிமை சண்டையில்லாமல் நிலைத்துவிடவில்லை. கடைக்காரர்கள் பாதையில் சரக்கை அடுக்கினார்கள்; நாவிதர், செருப்புத் தைப்பவர், கடிதம் எழுதித் தருபவர், பூக்கட்டுபவர் என்று பல தொழில்கள் அங்கேயே வேர்விட்டன. நகராட்சி அதை அடைசல் என்றது. 1888 பிப்ரவரியில் பாதைகளைக் காலிசெய்ய முயன்றபோது கடைகள் அடைக்கப்பட்டு நகரில் கலவரமே மூண்டது. நடப்பதற்கான வழியா, தங்குவதற்கான இடமா என்ற அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. பஃப்ளோ ரோட்டிலும் சிராங்கூன் சாலையிலும் மாலைக் கடையும் காய்கறிக் கூடையும் தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்க, ஆட்கள் ஒருக்களித்து நடந்துபோவதைப் பார்க்கும் மாணவர், ஒழுங்கு குலைந்த காட்சி என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. ஒன்றரை மீட்டர் அகலத்தில் வணிகம், நடை, உரையாடல் மூன்றும் எப்படி இடம் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதற்கு அது ஒரு முழு அளவு மாதிரி. அதை அளந்து வரைந்தால் எந்தப் பாடநூலும் தராத எண்கள் கிடைக்கும்: கூடை எவ்வளவு நீண்டால் நடப்பவர் சாலையில் இறங்குகிறார், தூண் இடைவெளி எவ்வளவு இருந்தால் இருவர் நின்று பேச முடிகிறது, சாரல் எதுவரை உள்ளே வருகிறது.

பழைய கடைவீட்டைப் புகழ்வதோடு நிறுத்துபவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். அதே கடைவீடுகளின் மேல்தளங்கள் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைத் தடுப்புகளாகக் கூறுபோடப்பட்டு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. 1907இல் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி அறிக்கை தந்த டாக்டர் சிம்ப்சன், முதுகோடு முதுகு ஒட்டிய இவ்வீடுகளுக்குப் பின்சந்து வெட்டிக் காற்று விட வேண்டும் என்றார். 1950களின் நடுவில் அப்பர் நான்கின் ஸ்திரீட்டை வீடுவீடாக ஆராய்ந்த பாரிங்டன் கேயின் நூல் 1960இல் வெளிவந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம் உறங்கி, சமையலறையைப் பல குடும்பங்களோடு பகிர்ந்த வாழ்க்கையை அது பதிவு செய்தது. ஐந்தடிப் பாதை அன்று அத்தனை உயிர்ப்போடு இருந்ததற்கு வீட்டுக்குள் இருக்க முடியாத நெரிசலும் ஒரு காரணம். இதை மறைத்துவிட்டு மரபின் அழகைப் பேசுவது நேர்மையல்ல. எனவே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வரலாற்றை மரபழிப்பு என்று ஒரே சொல்லில் முடிக்கும் விமர்சனத்தை நான் ஏற்கவில்லை. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகள். 1960 பிப்ரவரியில் பொறுப்பேற்ற கழகம் முதல் ஐந்தாண்டுகளிலேயே 50,000க்கும் மேல் கட்டியது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது அந்த வேகம் ஆடம்பரமாக இருக்கவில்லை. குழாயில் தண்ணீர், சொந்தக் கழிப்பறை, சன்னல் வழியே காற்று என்ற மூன்றும் ஒரு தலைமுறைக்குள் பெரும்பான்மையோருக்குக் கிடைத்தன. இன்று குடியிருப்பாளர்களில் நான்கில் மூவருக்கு மேல் கழக வீடுகளில்தான் வாழ்கின்றனர்.

அந்த வேகத்துக்கு நடுவிலும் கழகத்தின் கட்டடக்கலைஞர்கள் ஐந்தடிப் பாதையின் பாடத்தை முழுக்க மறக்கவில்லை என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. தரைத்தளத்தில் வீடு வைக்காமல் திறந்துவிட்ட புளோக் கீழ்த்தளம் 1970களிலிருந்து பேட்டைகளின் இயல்பான அமைப்பானது. பொருளாதாரக் கணக்கில் பார்த்தால் ஒரு மாடி முழுவதையும் விற்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த இழப்பில்தான் மலாய்க்காரர் திருமணம் நடந்தது, சீனர் ஈமச்சடங்கு நடந்தது, நம் வீடுகளில் இறப்பு நேர்ந்தால் உறவினர் வந்து அமர இடம் கிடைத்தது. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் படிக்கும் மேசையும் முதியவர்களின் சதுரங்கப் பலகையும் அதே தளத்தில் இடம்பிடித்தன. மேலே மாடிகளில் நீண்ட பொது நடைவழி இருந்தது. வாசலில் கோலம், துளசித் தொட்டி, செருப்பு அடுக்கு, மாலையில் ஒரு நாற்காலி. எதிரும் புதிருமாகக் கதவு திறந்திருக்கும். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்து ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழும்படி ஒதுக்கீடு செய்தது. ஆனால் ஒதுக்கீட்டு விகிதம் யார் அடுத்த வீட்டுக்காரர் என்பதைத்தான் முடிவு செய்யும்; அவரோடு பேச்சு தொடங்குமா என்பதை நடைவழியின் அகலமும் கீழ்த்தளத்தின் பெஞ்சும் முடிவு செய்கின்றன. கொள்கை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அது கடைசியில் ஒரு கட்டட விவரத்தில் வந்துதான் இறங்குகிறது.

பிறகு அந்த விவரம் மெலிந்தது. நீண்ட நடைவழியைக் கொண்ட புளோக்குகளின் இடத்தில், ஒரு மின்தூக்கிக் கூடத்தைச் சுற்றி நான்கைந்து கதவுகள் மட்டும் உள்ள உயர்ந்த கோபுரங்கள் பெருகின. தன் வீட்டு வாசல் வழியே மற்றவர் நடப்பதைப் பலர் விரும்பவில்லை. அந்த விருப்பம் நியாயமானதே. தீப்பாதுகாப்பு விதி நடைவழியில் 1.2 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது, அதுவும் நியாயமே. புதிய பேட்டைகளில் கீழ்த்தளம் சுருங்கி, மின்சார அறைகளும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் சைக்கிள் நிறுத்துமிடங்களும் அதைப் பங்குபோட்டன. கூடுவதற்கென்று தனியே ஒரு மண்டபம் வெளியே எழுந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே நல்ல காரணம் உண்டு. எல்லாம் சேர்ந்தபோது கதவுக்கும் சாலைக்கும் நடுவே திட்டமின்றித் தங்கும் இடம் குறைந்துபோனது. மண்டபத்தில் கூட ஒரு நிகழ்ச்சி வேண்டும், முன்பதிவு வேண்டும். வாசலில் நிற்க அவையெல்லாம் வேண்டியதில்லை.

இதே போக்கைக் கூரையிட்ட நடைபாதைகளில் இன்னும் தெளிவாகக் காணலாம். 2013இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் எம்ஆர்டி நிலையங்களிலிருந்து 400 மீட்டர் வரை கூரைப்பாதைகள் நீட்டப்பட்டு, 2018க்குள் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கட்டி முடிந்தது. பெரிய சாதனை. மழையில் நனையாமல் வீட்டிலிருந்து ரயிலுக்குப் போய்விடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது விடுதலை. ஆனால் 1822இன் விதியோடு ஒப்பிட்டால் கூரை வந்திருக்கிறது, கூரையோரத்துக் கடையும் படியும் திண்டும் வரவில்லை. இரும்புத் தூண்களுக்கு நடுவே நடக்க மட்டுமே முடிகிறது. சற்று நின்று ஒருவரோடு பேசினால் பின்னால் வருபவருக்கு இடைஞ்சல். மாணவர் ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது: ஏற்கெனவே இருக்கும் ஒரு கூரைப்பாதையில், அதன் நடையைக் குறைக்காமல், எங்கே எவ்வளவு அகலம் கூட்டினால், எந்தத் தூணைச் சுற்றி எத்தனை உயரத்தில் திண்டு வைத்தால் அது தங்கும் இடமாகும் என்று வரைந்து காட்டுவது.

தங்குவதற்கு இடம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை லிட்டில் இந்தியாவின் ஞாயிற்றுக்கிழமைகள் காட்டுகின்றன. எருமைத் தொழுவங்களும் செங்கல் சூளைகளுமாகத் தொடங்கிய வட்டாரம் அது. 1989 ஜூலையில் அதன் கடைவீடுகள் பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. சுவர்களும் ஓடுகளும் சன்னல் சட்டங்களும் காக்கப்பட்டன. அந்தப் பணி இல்லையென்றால் இன்று பேச ஒன்றும் மிஞ்சியிராது. ஆனால் பாதுகாப்பு விதி கட்டடத்தின் உறையைக் காக்கும் அளவுக்கு அதன் கீழ் நடக்கும் வாழ்க்கையைக் காக்க இயலாது. அந்த வாழ்க்கையின் பெரும்பகுதியை வாரந்தோறும் கொண்டுவருபவர்கள் அங்கே குடியிருக்காத வெளிநாட்டு ஊழியர்கள். துவாஸிலும் கிராஞ்சியிலும் உள்ள விடுதிகளிலிருந்து தமிழ்நாட்டு, வங்காளதேச ஆடவர்கள் பணம் அனுப்ப, சாமான் வாங்க, ஊர்க்காரரைப் பார்க்க, கோயிலுக்குப் போக இங்கே வருகிறார்கள். வாங்குவதும் அனுப்புவதும் ஒரு மணி நேரத்தில் முடியும். மிச்சப் பொழுதுக்கு அவர்கள் உட்காரும் இடம் புல்வெளி, நடைபாதை விளிம்பு, அடுக்குமாடிக் கீழ்த்தளம். ஆர்ச்சர்டு ரோட்டில் லக்கி பிளாசாவைச் சுற்றிக் கூடும் பிலிப்பினோ இல்லப் பணிப்பெண்கள் நிலையும் இதுவே. இவர்களுக்கு நகரில் வீட்டு வாசல் என்று ஒன்று இல்லை. ஆறு நாள் வேலைக்குப் பிறகு ஏழாம் நாள் பொதுவெளியே அவர்களின் முன்கூடம்.

2013 டிசம்பர் 8 இரவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஓர் ஊழியர் பேருந்தில் சிக்கி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் தந்த அறிக்கை, விபத்தையும் மதுவையும் முதன்மைக் காரணங்களாகச் சுட்டியது; வாழ்நிலை பற்றிய மனக்குறை கலவரத்துக்கு மூலகாரணம் என்ற கருத்தை அது ஏற்கவில்லை. ஆகவே நல்ல பெஞ்சுகள் இருந்திருந்தால் கலவரமே நடந்திராது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கட்டடக்கலைக்கு இல்லாத ஆற்றலை ஏற்றிச்சொல்வதாகும். ஆனால் அதே குழு, ஊழியர் பெருமளவில் கூடும் இடங்களில் வெளிச்சமும் கண்காணிப்பும் மேம்பட வேண்டும், லிட்டில் இந்தியாவுக்கு வெளியிலும் அவர்களுக்கான சேவைகள் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது கவனிக்கத்தக்கது. இடம் என்பது ஒரு பிரச்சினையாக அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இடம்பெற்றுவிட்டது. பிறகு மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது, பேருந்து ஏறும் இடங்கள் ஒழுங்காயின, பென்ஜூரு போன்ற இடங்களில் பொழுதுபோக்கு நிலையங்கள் இயங்கின. லிட்டில் இந்தியாவில் உள்ள சில அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களைச் சுற்றிக் கம்பித் தடுப்புகளும் உண்டு.

அந்தத் தடுப்புகளைக் கண்டு கோபப்படுவது மாணவர்க்கு எளிது. குடியிருப்பாளர் பக்கம் நின்று பார்ப்பதுதான் கடினம், அவசியமும்கூட. வாரக் கடைசியில் தன் புளோக்கின் அடியில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருக்க, குழந்தையைக் கூட்டிக்கொண்டு மின்தூக்கிக்குப் போக வழிகேட்க வேண்டியிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். குப்பை சேரும், சத்தம் இருக்கும், சிறுநீர் நாற்றமும் இருக்கும். இந்தப் புகார்களை இனவெறுப்பு என்று ஒரே அடியாக ஒதுக்கினால் வடிவமைக்க ஒன்றும் இருக்காது. ஆனால் புகார்களைப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை கட்டடக் கேள்விகள் என்பது தெரியும். நாற்றம் பொதுக்கழிப்பறை எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்ற கேள்வி. வழிமறிப்பு, மின்தூக்கிக்குப் போகும் பாதையும் உட்காரும் இடமும் ஒன்றாக இருப்பதால் வருவது. கீழ்த்தளத்துக்கு ஆள் வருவதற்குக் காரணம் அருகில் வேறு நிழல் இல்லாதது. தடுப்பு இவற்றில் எதற்கும் விடையல்ல. அது கூட்டத்தை அடுத்த புளோக்குக்கு அனுப்புகிறது. குடியிருப்பாளரின் அமைதியும் ஊழியரின் ஓய்வும் ஒன்றையொன்று தின்றுதான் தீர வேண்டும் என்பது விதியல்ல. இரண்டுக்கும் தனித்தனிக் கூரையும் தனித்தனி வழியும் தருவதுதான் வடிவமைப்பாளரின் தொழில்.

வட்டாரத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1982இல் எழுந்து, 2000இல் தேக்கா நிலையம் என்று பெயர் பெற்ற கட்டடத்தை அழகானது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கீழே ஈரச்சந்தையும் உணவங்காடியும், மேலே துணிக்கடைகளும் தையற்காரர்களுமாக, நாலாபுறமும் திறந்து, குளிர்சாதனமின்றி, ஒரு காப்பிக் காசுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார விடும் அந்த இடம், பொதுவெளியாக நகரின் பல விருதுக் கட்டடங்களைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது என் மதிப்பீடு. 2015 மே மாதம் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் வேறு வகை. வட இந்தியப் படிக்கிணற்றைத் தழுவிய அதன் ஒளிபுகும் முகப்பு இரவில் படிக்கட்டுகளின் நிழலாட்டத்தைத் தெருவுக்குக் காட்டுகிறது. கட்டடமாக அது நேர்த்தியானது. ஆனால் படிக்கிணற்றில் படிகள் உட்காருவதற்கானவை. இங்கே அவை கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதற்கானவையாகிவிட்டன. ஒரு மரபு வடிவத்தை எடுத்தாளும்போது அதன் தோற்றத்தை எடுக்கிறோமா, பயன்பாட்டை எடுக்கிறோமா என்ற கேள்வியை மாணவர்கள் இந்த முகப்பின் எதிரே நின்று விவாதிக்கலாம்.

எப்படித் தொடங்குவது என்பதற்கு நியூயார்க்கில் வில்லியம் ஒயிட் காட்டிய வழி இன்றும் செல்லும். 1970களில் அவர் சதுக்கங்களைப் படம்பிடித்து மணிக்கணக்கில் எண்ணினார். 1980இல் வெளியிட்ட நூலில் அவர் கண்டு சொன்னவற்றுள் முக்கியமானது, உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் உட்காருகிறார்கள் என்பது. கேட்க வெகு சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அதை எண்களோடு நிறுவியபின்தான் அந்நகரின் விதிகள் மாறின. சிங்கப்பூர் மாணவர் இந்த முறையோடு வெயிலையும் மழையையும் சேர்க்க வேண்டும். செவ்வாய் காலை பத்து மணிக்கும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கும் ஒரே மூலையை வரைந்து, ஆட்களைப் புள்ளியாக இடாமல் நிற்பவர், உட்காருபவர், படுப்பவர், சுமைதூக்குபவர் என்று பிரித்துக் காட்டட்டும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அதே மூலை என்னவாகிறது, தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் புறப்படும்போது அதன் அகலம் போதுகிறதா என்று பார்க்கட்டும். இப்படியெல்லாம் கணக்கெடுத்தால் கற்பனை வறண்டுவிடும், வடிவமைப்புக்கூடம் சமூகவியல் வகுப்பாகிவிடும் என்று ஆசிரியர்கள் சிலர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. கணக்கு வடிவத்தைத் தராது என்பது உண்மை. ஆனால் எந்த வடிவம் பொய் என்பதைச் சொல்லிவிடும். நடுப்பகலில் வெயில் சுடும் ஒரு சிமென்ட் சதுக்கத்தைப் படத்தில் ஆட்களால் நிரப்பிக் காட்டும் மாணவருக்குக் கற்பனை இருக்கிறது என்று நான் ஒப்பமாட்டேன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறக்கப்பட்ட எஸ்டிஇ4 கட்டடமே ஒரு மறுமொழி: நீண்ட கூரையோரம், திறந்த மேடைகள், மின்விசிறியோடு கூடிய மிதமான குளிரூட்டல் ஆகியவை தட்பவெப்பக் கணக்கிலிருந்து வந்தவை, அந்தக் கணக்கிலிருந்தே அதன் அழகும் வந்தது.

இனி வீட்டின் உள்ளே. வீடும் பொதுவெளியும் தொடும் இடத்திலிருந்து தொடங்கும் மாணவர் வீட்டையும் சரியாக வரைவார் என்று முன்பு சொன்னேன். 1998 முதல் கட்டப்பட்ட கழக வீடுகளில் பொதுவாகக் கனத்த கான்கிரீட் சுவர்கொண்ட காப்பறை ஒன்று உண்டு. அதை இடிக்க முடியாது, அது பண்டக அறையாகவே பயன்படுகிறது. மற்றச் சுவர்களும் ஒரு சராசரிக் குடும்பத்தை நினைத்து வைக்கப்பட்டவை. பூசை மாடம் எங்கே, பேறுகாலத்துக்கு வந்து மூன்று மாதம் தங்கும் தாயாருக்கு இடம் எங்கே, வீட்டிலிருந்தே வேலை செய்பவர் கதவை எங்கே சாத்துவது என்ற கேள்விகளுக்குக் குடும்பங்கள் தாங்களே சுவரை இடித்து விடைகண்டு வந்தன. 1961இலேயே நெதர்லாந்தின் ஹப்ராகென், தாங்கும் கட்டமைப்பை நிலையாக வைத்து உட்பகுதியைக் குடியிருப்பவர் கையில் விட வேண்டும் என்று வாதிட்டார். இந்தோரின் ஆரண்ய குடியிருப்பில் பி.வி. தோஷி மனையும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் தந்து, வாசற்படியையும் மேடையையும் சேர்த்துத் தந்து, மீதியைக் குடும்பங்கள் கட்டிக்கொள்ள விட்டார். சிங்கப்பூரில் 2015இல் முடிந்த டாசனின் ஸ்கைவில் 960 வீடுகளை எண்பது எண்பதாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வான்தோட்டம் தந்ததோடு, வீட்டுக்குள் தூண், விட்டம் குறுக்கிடாத அமைப்பையும் தந்தது. 2024 அக்டோபரில் கிராஃபர்ட் ஹைட்ஸில் கழகமே உட்சுவரில்லாத வெள்ளை வீடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருத்து புத்தகத்திலிருந்து அரசுத் திட்டத்துக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின, ஆனால் வந்துவிட்டது.

மாணவருக்கு ஏது அதிகாரம், மனையும் விதியும் அரசுடையவை, இதையெல்லாம் கூடத்தில் பேசி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 1965இல் டே கெங் சூன், வில்லியம் லிம் போன்ற இளம் கட்டடக்கலைஞர்கள் ஸ்பர் என்ற குழுவை அமைத்து நகரத் திட்டமிடலைப் பற்றி எழுதியும் வாதாடியும் வந்தபோது அவர்களுக்கும் அதிகாரம் இல்லை. டே சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் முதல் கட்டடக்கலை மாணவர் அணியைச் சேர்ந்தவர். டேயும் லிம்மும் பங்கேற்று உருவாக்கிய கோல்டன் மைல் வளாகம் 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2001இன் அனைத்துலகப் போட்டியில் ஓர் இளம் நிறுவனத்தின் வரைபடம் வென்றதால்தான் டக்ஸ்டனில் ஏழு புளோக்குகளை 26ஆம், 50ஆம் மாடிகளில் பாலம்கட்டி இணைக்கும் பினாக்கள் எழுந்தது. கட்டடக்கலை படித்த இளையர்கள் தொடங்கிய பார்ட்டிசிபேட் இன் டிசைன் அமைப்பு, குடியிருப்பாளரைக் கூட்டிவைத்துப் பேட்டை இடங்களை வடிவமைக்கிறது. நிலப் பற்றாக்குறை என்ற மறுப்பும் அட்மிரல்டியின் கம்போங் வளாகத்தின் முன் நிற்காது: ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த மனையில் 104 முதியோர் வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, மேலே தோட்டம், கீழே முழுவதும் திறந்த கூரையிட்ட சதுக்கம். 2018இல் அது உலகக் கட்டட விழாவின் அவ்வாண்டுச் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. அந்தச் சதுக்கத்தில் முதியவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அங்கே குடியிருப்பவர்கள் அல்லர்.

இவ்வளவு அனுபவமும் இன்னும் எட்டாத வீடு ஒன்று இருக்கிறது, அது ஊழியர் விடுதி. 2020இல் கொவிட்-19 தொற்று விடுதிகளில் காட்டுத்தீயாகப் பரவியபின், 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரம் அறிவிக்கப்பட்டது: அறைக்கு அதிகம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. பழைய விடுதிகள் 2030க்குள் இடைக்காலத் தரத்துக்கும் 2040க்குள் முழுத் தரத்துக்கும் மாற வேண்டும். இவை உடல்நலத்துக்கான எண்கள், தேவையான எண்கள். ஆனால் அறைக்கதவுக்கும் விடுதி வாயிலுக்கும் நடுவே என்ன இருக்க வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை. ஊருக்குப் பேச ஒரு தனிமூலை, இரவுப்பணி முடித்து வந்தவர் பகலில் உறங்க இருட்டு, சமைத்ததைப் பகிர்ந்துண்ண ஒரு தாழ்வாரம், ஞாயிறன்று தேக்காவுக்குப் போகாமலே நாலு பேரோடு உட்கார ஒரு நிழல்: இவற்றை வரைவதற்கு நிலம் கூடுதலாகப் பெரிதாய் வேண்டியதில்லை, நடைவழியை ஒன்றரை மீட்டர் அகலப்படுத்துவதும் அதன் கூரையை நீட்டுவதும் போதும். கட்டடக்கலைக் கூடங்களில் அருங்காட்சியகமும் கடற்கரை இல்லமும் பயிற்சியாக வரும் அளவுக்கு விடுதியும் வர வேண்டும், அதுவும் முதலாண்டிலேயே, வீடு என்ற பாடத்தின் கீழேயே. இன்று முதலாண்டில் சேரும் மாணவர் 2040க்கு முன்பே படிப்பை முடித்துத் தொழிலுக்கு வந்திருப்பார். பழைய விடுதிகளைத் திருத்தும் வரைபடங்கள் அவர் மேசைக்குத்தான் வரும்.